யார் படிக்க, யார் கேட்க: சேரி வீட்டு வாசிப்பும் கதை சொல்லும் எந்திரமும்

ஏழை வீடுகளில் வாசிப்புப் பழக்கம் கிடையாது, தாய் தகப்பன் படிக்காதவர்கள், அதனால் பிள்ளைகளும் புத்தகத்தைத் தொடுவதில்லை. செல்போனில் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கதைச் செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டால் குடும்பமே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிடும். கல்விக் கருத்தரங்குகளிலும் தொண்டு நிறுவனக் கூட்டங்களிலும் இந்தப் பேச்சு இப்போது அதிகமாகக் கேட்கிறது. செயலி நல்லதா கெட்டதா என்றுதான் அங்கே விவாதம் நடக்கிறது. 'பழக்கம் கிடையாது' என்ற முதல் வாக்கியத்தை யாரும் தொடுவதில்லை. அது ஏதோ நம்ம சோம்பேறித்தனத்தால் விட்டுப்போன காரியம் மாதிரி இருக்கிறது. விட்டுப்போனதா, தடுக்கப்பட்டதா என்று கேட்காமல் செயலியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆகவே இந்தக் கட்டுரை செயலியில் தொடங்காமல் வரலாற்றில் தொடங்குகிறது.

1

அமெரிக்காவில் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது குற்றம் என்று தென் கரோலினா 1740இல் சட்டம் போட்டது. இங்கே அப்படி ஒரு சட்டம் தேவைப்படவில்லை. ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தையே இரண்டாக வெட்டி வைத்திருந்தது போதுமானதாக இருந்தது.

எங்கள் விக்கிரவாண்டி, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் திரௌபதி அம்மன் கோயில்களும் தெருக்கூத்தும் நிறைந்த பகுதி. தீமிதிக்கு முன்னால் பாரதம் படிப்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வார், ராத்திரி கூத்து நடக்கும். 'படிப்பது' என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் பழைய அர்த்தமே இதுதான். ஒருத்தர் படிக்க, ஊரே கேட்பது. எழுத்தறியாத மக்கள் அர்ச்சுனன் தபசையும் பதினெட்டாம் போரையும் வரிசை தப்பாமல் சொல்வது இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான். ஆனால் கேட்கிறவன் எங்கே நின்று கேட்டான் என்பதை வாய்மொழி மரபைப் புகழ்கிறவர்கள் எழுதுவதில்லை. பல ஊர்களில் நம்ம ஜனங்கள் எட்டி நின்று கேட்டவர்கள். அது பழங்கதையும் அல்ல. விழுப்புரம் பக்கத்து மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள், ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். ஆக, நமக்குக் காது இருந்தது. உட்கார்ந்து கேட்க இடம் இல்லை.

அதே சமயம் சேரியில் ஏடே இருந்ததில்லை என்பதும் பொய். தன் பாட்டனார் கந்தப்பன் ஆரிங்டன் என்ற வெள்ளைக்காரரிடம் பட்லராக இருந்தவர் என்றும், அவர் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் எல்லிஸ் துரை கைக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) பதிவு செய்திருக்கிறார். வைத்தியம், சோதிடம், இலக்கியம் மூன்றுக்கும் ஏடு வைத்திருந்த குடும்பங்கள் நம்மிடையே இருந்தன. நான் தமிழ் எம்.ஏ. படித்த இரண்டு வருஷத்தில் ஏடு தேடிய பெரியவர்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஏட்டைக் காப்பாற்றி வைத்திருந்த கந்தப்பன் பெயர் ஒரு நாளும் வகுப்பில் ஒலிக்கவில்லை.

2

அச்சு வந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்தார். 1907 ஜூனில் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் அது 'தமிழன்' ஆனது. விலையையே பெயரில் வைத்த பத்திரிகை அது. கூலிக்காரன் வாங்கக்கூடிய விலை என்ற அறிவிப்பு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. சென்னையில் அச்சான இதழைக் கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் நம்மவர்கள் வரவழைத்துப் படித்தார்கள். ஜனங்கள் கேள்வி எழுதி அனுப்பினார்கள், பண்டிதர் பதில் எழுதினார். படிக்கிறவன் கேள்வி கேட்கலாம் என்ற நிலைமையைச் சேரி முதன்முதலில் கண்டது அந்தப் பக்கங்களில்தான் என்பது என் கருத்து. பாரதம் படித்த பிரசங்கியாரிடம் எட்டி நின்றவன் கேள்வி கேட்டிருக்க முடியாது.

பள்ளிக்கூடம் வந்த கதை வேறு. அது எப்போதும் நிபந்தனையோடுதான் வந்தது. ஆல்காட் 1894இல் அடையாறு ஊரூரில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் அமெரிக்கன் ஆற்காடு மிஷன் பள்ளிகள் வந்தன. ஆரணிப் பக்கத்து மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த முனுசாமி என்ற பையன் திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தான். மதம் மாறச் சொன்னபோது மறுத்து வெளியேறினான். அவர்தான் பிற்பாடு சுவாமி சகஜானந்தர். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை உண்டாக்கினார். மிஷனை நான் இழிவாகச் சொல்லவில்லை. யாரும் கதவு திறக்காத காலத்தில் அவர்கள் திறந்தார்கள். ஆனால் திறந்த கதவுக்குள் எந்தப் புத்தகம் இருக்கும் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். அதற்கப்புறம் லேபர் டிபார்ட்மென்ட் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று வரிசையாக வந்தன. 1948இல் பொது நூலகச் சட்டம் வந்தது, ஆனால் நூலகக் கட்டிடம் ஊர்த் தெருவில் நின்றது. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அவற்றில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன.

வீட்டுக்குள் வாசிப்பு புகுந்த வழி இதிலெல்லாம் இல்லை. பள்ளிக்கூடம் போன பிள்ளை திரும்பி வந்து வீட்டில் எழுத்துக்கூட்டியபோதுதான் அது புகுந்தது. தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன கடிதம், ரேஷன் கார்டு, தாலுகா ஆபீஸ் நோட்டீஸ், கோர்ட்டுச் சம்மன், டீக்கடையில் கேட்டு வாங்கிவந்த பழைய பேப்பர், இவைதான் நம்ம வீட்டுப் பாடப்புத்தகங்கள். 'இன்னாடா போட்டுக்கீது, படி' என்று ஆயா சொல்ல, ஆறாங்கிளாஸ் பிள்ளை படிக்க, நாலு வீட்டுக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நம்மவர் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்ட செய்திகள் காலனிக்குள் போனதும் இப்படித்தான். குடும்ப வாசிப்பு என்று இன்றைக்கு வெள்ளைப் பலகையில் எழுதி விளக்குகிறார்களே, அது நமக்குப் புதுசு இல்லை. கதைப் புத்தகம்தான் புதுசு.

3

1990களின் அறிவொளி இயக்கம் இந்த உண்மையைக் கொஞ்சம் புரிந்துகொண்டது. கேரளத்தில் எர்ணாகுளம், அடுத்துப் புதுச்சேரி, 1991இல் புதுக்கோட்டை என்று அது பரவியது. பெண்கள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தார்கள், சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். தொண்டர்களாகப் போனவர்களே மக்களிடம் கதையும் பாட்டும் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். ச.தமிழ்ச்செல்வன் அந்த அனுபவத்தை 'இருளும் ஒளியும்' என்ற புத்தகமாக எழுதியிருக்கிறார்.

இதில் நாம் உற்றுப் பார்க்க வேண்டிய ஊர் ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டா. அங்கே எழுத்தறிவுப் பாடப்புத்தகத்தில் சீதம்மா கதை என்று ஒரு பாடம் இருந்தது. சாராயத்தால் சீரழிந்த குடும்பத்துப் பெண்களின் கதை. படித்த பெண்கள், 'இது நம்ம கதையாச்சே' என்றார்கள். 1992இல் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அது மாநிலம் முழுக்கப் போராட்டமாகப் பரவியது. எழுத்தைக் கற்றுக்கொண்டதால் மட்டும் இது நடந்ததா? எழுத்துக்குள் தங்களைப் பார்த்ததால் நடந்தது. சேர்ந்து உட்கார்ந்து படித்ததால் நடந்தது. அதே பாடத்தைத் தனித்தனியாக ஆளுக்கு ஒரு மூலையில் படித்திருந்தால் கடை மூடியிருக்காது.

4

இப்போது செயலிக்கு வருவோம்.

கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. அந்த இடைக்காலத்தில் 15 மாநிலங்களில் சுமார் 1,400 பிள்ளைகளிடம் எடுத்த ஆய்வொன்று 2021 செப்டம்பரில் வெளிவந்தது. கிராமத்துத் தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தவர்கள் 4 சதவீதம். மற்ற கிராமத்துப் பிள்ளைகளில் 15 சதவீதம். ஊர், சேரி என்ற பழைய கோடு செல்போன் சிக்னலுக்குள்ளும் அப்படியே விழுந்திருந்தது.

இந்தப் பள்ளத்தை நிரப்ப வந்த 'இல்லம் தேடிக் கல்வி' எங்கள் மாவட்டத்தில்தான் தொடங்கியது. 2021 அக்டோபர் 27இல் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். சாயங்காலம் 5 மணி முதல் 7 மணி வரை பிள்ளைகள் குடியிருக்கும் இடத்திலேயே வகுப்பு. மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தன்னார்வலர்கள் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அதே திட்டத்தில் 2022 ஜூன் 1 முதல் 12 வரை வாசிப்பு மாரத்தான் நடந்தது. அதற்குப் பயன்பட்டது கூகுளின் 'ரீட் அலாங்' செயலி. 2019இல் 'போலோ' என்ற பெயரில் இந்தியாவில் வெளிவந்து, 2020இல் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் விரிந்தது அது. திரையில் கதை வரும். பிள்ளை சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். தியா என்ற பொம்மைப் பெண் காது கொடுத்துக் கேட்கும். தடுக்கினால் அந்தச் சொல்லைத் தொட்டால் படித்துக் காட்டும். சரியாகப் படித்தால் நட்சத்திரம் கிடைக்கும். ஒரு தடவை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலே ஓடும்.

மாரத்தான் முடிவில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் 263 கோடிச் சொற்களைப் படித்ததாக அறிவித்தார்கள். பெரிய எண்தான். வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு நாளில் சுமார் 1,430 சொற்கள், நாளொன்றுக்கு 120 சொற்கள். கதைப் புத்தகத்தில் ஒரு பக்கம். நான் இதைக் கிண்டல் செய்யவில்லை. தினம் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்கிற பிள்ளை ஒரு வருஷத்தில் எங்கேயோ போய்விடும். அதோடு, முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைக்குத் தடுக்கின சொல்லைச் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. எந்திரம் சொல்லிக் கொடுக்கிறது. அது பிரம்பு எடுப்பதில்லை. 'நீ எந்தத் தெரு' என்று கேட்பதில்லை. பின்வரிசையில் உட்காரச் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் பட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் அந்த 263 கோடியில் ஒரு கணக்கு இல்லை. பிள்ளை படித்தபோது யார் கேட்டார்கள்? அம்மா கேட்டாளா? ஆயா 'அப்பறம்?' என்றாளா? செயலி வாயை எண்ணியது. வீட்டின் காதை எண்ணவில்லை. கேட்கிற வேலையைத் தியாவே எடுத்துக்கொண்டதால் வீட்டில் வேறு யாரும் கேட்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போகிறது. குடும்ப வாசிப்பு என்ற பேரில் குடும்பத்தைக் கழித்துவிட்ட வாசிப்பு இது.

5

இரண்டாவது சிக்கல் நாக்கு. எங்கள் பக்கத்து ஆயாக்கள் வாயில் 'பழம்' என்பது 'பயம்' ஆகும், 'கிழவி' என்பது 'கெய்வி' ஆகும். அந்த நாக்கில்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். பிள்ளை 'பயம்' என்று படித்தால் அவனுக்கு அது பழம் என்று தெரியவில்லை என்று அர்த்தமா? எழுத்துத் தெரிகிறது, பொருள் தெரிகிறது, சேரியின் ஒலிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 2020இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் ஐந்து பெரிய கம்பெனிகளின் பேச்சறி எந்திரங்களைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேச்சில் 100 சொல்லுக்கு 19 பிழை, கறுப்பர் பேச்சில் 35 பிழை. எந்திரத்துக்கு நிறவெறி என்று ஒன்றும் தனியாக இல்லை. அதற்கு ஊட்டிய பேச்சில் யார் குரல் அதிகம் இருந்தது என்பதுதான் விஷயம். தமிழ் எந்திரங்களுக்கு யார் வீட்டுத் தமிழை ஊட்டுகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

மூன்றாவது, கதை. இருக்கிற கதையைப் படிக்க வைப்பதைத் தாண்டி இப்போது எந்திரமே கதை எழுதுகிறது. கூகுளின் ஜெமினியில் 2025 ஆகஸ்டில் வந்த வசதி, கேட்ட மாத்திரத்தில் படத்தோடு பத்துப் பக்கக் கதைப் புத்தகம் செய்து வாய்விட்டுப் படித்தும் காட்டுகிறது. இந்த மாதிரி எந்திரங்கள் நம்மைப் பற்றி என்ன எழுதும்? இந்தியாவில் நடக்கும் கல்யாணம் போன்ற நிகழ்வுகளைப் பற்றி 7,200க்கும் மேற்பட்ட கதைகளை ஜிபிடி-4 டர்போ எந்திரத்தை எழுதவைத்து ஆராய்ந்து, 2025இல் ஆய்வாளர்கள் முடிவு வெளியிட்டார்கள். மக்கள்தொகையில் இருப்பதைக் காட்டிலும் கூடுதலாக ஆதிக்கச் சாதியும் பெரும்பான்மை மதமும் அந்தக் கதைகளில் வந்தன. பலதரப்பட்டவர்களைக் காட்டு என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகும் அது முழுசாக மாறவில்லை. 1965இல் நான்சி லாரிக் அமெரிக்கக் குழந்தைப் புத்தகங்கள் 5,206ஐப் புரட்டி, 6.7 சதவீதத்தில்தான் கறுப்பர் இருக்கிறார் என்று காட்டினார். அறுபது வருஷம் கழித்து அதே கதையை எந்திரம் வேகமாக எழுதுகிறது.

எங்கள் மாலை வகுப்பில் தோழர்கள் ஒரு கதைச் செயலியைச் சோதித்துப் பார்த்தார்கள். விக்கிரவாண்டிப் பக்கத்தில் கரும்பு வெட்டும் ஓர் அம்மாவைப் பற்றிக் கதை கேட்டோம். முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் கரும்பு வெட்டாத காலனி கிடையாது. வந்த கதையில் அந்த அம்மா கை நிறைய வளையலோடு முற்றம் வைத்த வீட்டில் இருந்தாள். அன்பான முதலாளி அவள் மகளுக்குப் புத்தகம் பரிசு கொடுத்தார். உழைப்பே உயர்வு என்று கதை முடிந்தது. ஒரு பெண்பிள்ளை அதைச் சத்தமாகப் படித்தாள். கேட்ட அக்காக்கள் சிரித்துவிட்டார்கள். 'கரும்பு வெட்டறவ எவடி வளையல் போட்டுகினு வெட்டுவா? சோகை கையக் கீசிப்புடும்' என்றார் ஒருவர். 'மேஸ்திரி குடுத்த முன்பணம் எங்கடி போச்சி, அத்த எழுதலியா' என்றார் இன்னொருவர். ஒருத்தர் பேச ஒருத்தர் திருத்த, முன்பணம் வாங்கினது, விடியற்காலை டிராக்டர், வெயில், காய்ச்சலோடு வெட்டினது, கணக்கில் பணம் கழித்தது என்று வேறு கதையே வந்தது. அந்தப் பெண்பிள்ளை அதை நோட்டில் எழுதினாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதைப் படிக்கச் சொல்லிப் பெண்கள் கேட்டார்கள். படித்தபோதெல்லாம் யாராவது ஒரு வரி சேர்த்தார்கள்.

எந்திரத்தின் பொய்க்கதை கிளப்பிவிட்ட கோபம்தான் அந்த வாசிப்பை உண்டாக்கியது. கேள்வி கேட்கத் தூண்டிய 'தமிழன்' இதழும், 'இது நம்ம கதையாச்சே' என்று சொல்லவைத்த சீதம்மா பாடமும் செய்த காரியம் இது. திருத்துகிற உரிமை கேட்கிறவன் கையில் இருந்தால்தான் சேரி வீட்டில் எழுத்து தங்குகிறது.

6

ஆகவே செயலியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நம் நிபந்தனைகளை முன்வைக்க வேண்டும்.

முதலாவது, போன் அப்பாவோடு பெங்களூருக்கோ சென்னைக்கோ கட்டட வேலைக்குப் போய்விடும். ராத்திரி வந்தாலும் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். போன் போன பிறகும் வீட்டில் இருக்கும் அச்சுப் புத்தகம் வேண்டும். 2023இல் பள்ளிக் கல்வித்துறை 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை பிரித்து வெளியிட்ட சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் நல்ல முயற்சி. அவை பள்ளி அலமாரியிலேயே நின்றுவிடாமல் காலனி வீட்டுக்கு வரவேண்டும். ஊராட்சி நூலகங்களின் பூட்டைத் திறக்க வேண்டும்.

இரண்டாவது, கதை நம்முடையதாக இருக்க வேண்டும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் யாரும் கதை எழுதலாம், மொழிபெயர்க்கலாம், காசில்லாமல் அச்சடித்துக்கொள்ளலாம். நம் எழுத்தாளர்கள் பெரியவர்களுக்குத் தன்வரலாறு எழுதியது போதும் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்கும் எழுதுங்கள் என்கிறேன். பஞ்சமி நிலத்தின் கதை, கூத்து வாத்தியாரின் கதை, திண்டிவனத்தில் மதம் மாற மறுத்த முனுசாமியின் கதை எல்லாம் பதினாறு பக்கத்தில் அடங்கும்.

மூன்றாவது, அரசு எந்தச் செயலியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தாலும், அது சேரித் தமிழை எவ்வளவு பிழையாகக் கேட்கிறது, அதன் கதைகளில் எந்தச் சாதி எங்கே நிற்கிறது என்று சோதித்து, முடிவைப் பகிரங்கமாக வெளியிட்ட பிறகே கொண்டுவர வேண்டும். நம் மாணவர் அமைப்புகள் இந்தச் சோதனையைத் தாங்களே செய்யலாம். நூறு கதை கேளுங்கள், யார் நிலம் வைத்திருக்கிறார், யார் குடிசையில் இருக்கிறார், யார் புத்தி சொல்கிறார் என்று எண்ணுங்கள். பெரிய படிப்பு வேண்டியதில்லை.

நான்காவது, எண்ணிக்கையை மாற்றச் சொல்ல வேண்டும். ஒரு கதையை எத்தனை பேர் சேர்ந்து கேட்டார்கள், கேட்டவர்கள் எத்தனை கேள்வி கேட்டார்கள், எந்த இடத்தில் 'அப்பிடி இல்ல' என்று மறித்தார்கள் என்பதைத் தன்னார்வலர் ஒரு நோட்டில் குறித்தாலே போதும். கோவில் வாசலுக்கு வெளியே எட்டி நின்று கேட்ட ஜனம் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து, தன் பிள்ளை வாயால் கேட்டு, தப்பு என்று பட்டதைத் தப்பு என்று சொல்வதுதான் நமக்கு வாசிப்பு. அந்தக் கணக்கைக் காட்டாமல் எத்தனை கோடிச் சொல்லைக் காட்டினாலும் அது கம்பெனிக் கணக்கு. நம்ம கணக்கு இல்லை.